சென்னியப்பன் அப்பா, பூபதி மகன்

ஏனுங்ணா, அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்க. இல்லீங்க, வேற ஒண்ணுமில்ல. பேரு எழுதற கட்டத்துல என்ன போட்டிருக்கீங்கன்னு பாக்கோணும்.

நெனச்சேன். மொதக் கட்டத்துல உங்கப்பா பேரு, ரெண்டாவதுல உங்க பேரு. பள்ளிக்கூட சர்டிபிகேட்ல இருக்கற மாதிரியே இனிஷியலை விரிச்சு முன்னாடி போட்டுட்டீங்க. எந்த நாட்டுக்குப் போறீங்க? போலந்தா. தனியாவா? அப்ப இப்பிடி நெழல்ல வந்து உக்காருங்க. உங்களுக்கு எத்தனை மணிக்குன்னு போட்டிருக்குது? பதினொண்ணே காலா. எனக்குப் பதினொண்ணு. அந்த வாட்ச்மேன் லிஸ்டைப் பாத்துப் பேரைக் கூப்புட்டாத்தான் பாஸ்போர்ட் ஆபீசுக்குள்ள விடுவாரு. இன்னும் நேரம் கெடக்குது.

ரோட்டுக்கு அக்கட்ட, டீக்கடை பெஞ்சுல ஒரு வெள்ளைக்காரரு நூல்கண்டை மடியில வெச்சுட்டு குல்லா பின்னிட்டு இருக்கறாரல்ல? வந்ததுல இருந்து நீங்களும் அவரையேதான் பாக்கறீங்க. சித்திரை வெயில்ல எவனுக்குடா கம்பளிக் குல்லான்னு யோசிக்கறீங்க. எனக்குத்தானுங்க. பக்கத்துல வேட்டி கட்டிட்டு வாய் ஓயாமப் பேசிட்டு இருக்கறது எங்கப்பா. எங்கப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு வாரமாப் பேசிட்டிருக்காங்க.

எல்லாம் அந்த ரெண்டு கட்டத்தால வந்த வெனைங்ணா. என்ற பாஸ்போர்ட்லயும் உங்களாட்டவேதான் எழுதியிருக்குது.

என்ற பேரு பூபதி. எங்கப்பா பேரு சென்னியப்பன். பெருந்துறையில மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்காரு. சுத்துவட்டாரத்துல எந்தக் கெணத்துல மோட்டார் பொகைஞ்சாலும் எங்கப்பா கடைக்குத்தான் வரும். ஆனா மோட்டாரு வர்றதை விட ஆளுக வர்றதுதான் அதிகம். கடை முன்னாடி ஒரு பெஞ்சு. காலையில ஒம்பது மணிக்குக் கொப்பரை யாவாரி குழந்தைசாமி வந்து உக்காந்தாருன்னா, பொழுது எறங்கித்தான் எந்திரிப்பாரு. அவரு பக்கத்துல அஞ்சாறு பேரு மாறி மாறி. எங்கப்பா காயிலும் கட்டுவாரு, ஊர்க்கதை நாயமும் பேசுவாரு. எங்கப்பாவுக்குச் சிநேகிதம் இல்லாத ஊரே கெடையாதுங்க.

எனக்கு ஒருத்தன் கெடையாது. இருந்தவன் பூராவும் எங்கப்பாவுக்குத் தெரிஞ்சவரு பையன். என்னைய எவனும் பூபதின்னு கூப்புட்டதில்லீங்க. சென்னியப்பன் பையன். கபடி ஆடறப்பக்கூட, 'டே, சென்னியப்பன் பையனைக் காலைப் புடி'ம்பானுக. பொண்ணு பாக்கப் போன எடத்துல மாப்பிள்ளை பேரென்னன்னு கேக்கவே இல்ல. சென்னியப்பன் பையன்னதும் எங்கப்பாவைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனாங்க. நான் பஜ்ஜி தின்னுட்டு வந்தேன்.

சரி, எங்கப்பா பேரு எட்டாத எடத்துக்குப் போயிரலாம்னுதான் ஜெர்மனி வேலையைப் புடிச்சேன். அதுக்கும் பஸ் ஸ்டாண்டுல ஃபிளெக்ஸ் வெச்சாங்க. என்ன எழுதியிருந்துச்சு தெரியுமுங்களா? 'ஜெர்மனி செல்லும் எங்கள் அண்ணன் சென்னியப்பன் அவர்களின் அன்பு மகனை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' எங்கப்பா படம் ஆளுயரம். வாழ்த்தறவங்க படம் பதினாறு, பேரோட. என்ற படம் கீழ மூலையில, பிரிண்டிங் பிரஸ் போன் நெம்பருக்குப் பக்கத்துல, ஸ்டாம்பு அளவுக்கு. பேரு இல்லீங்க. பதினாறு பேரு பேரும் இருக்குது, பிளேன் ஏறிப் போறவன் பேரு இல்ல.

"அப்பா, என்ற பேரு எங்கீங்க?"ன்னு கேட்டேன்.

"மகனைன்னு போட்டிருக்குதல்லடா. எனக்கென்ன நாலு மகனா இருக்கறான், எவன்னு தெரியாமப் போறதுக்கு?"ன்னாரு.

அன்னிக்குப் பேச்சை நிறுத்துனவன்தான். அங்க போயிப் பதினாலு மாசம் அம்மாகிட்ட மட்டுந்தான் பேசுவேன். பொறத்தால அவரு, "அங்க குளுருதான்னு கேளு, கேளு"ன்னு சொல்றது போன்ல கேக்கும். நான் கேக்காத மாதிரி இருந்துக்குவேன். கோவம்னா கோவம்தானுங்க.

எங்க விட்டேன்? ஆ, ஜெர்மனி. பம்பு கம்பெனி. சின்ன ஊரு. பேரைச் சொன்னா நாக்குச் சுளுக்கிக்கும், விடுங்க. மொத நாளு ஆபீசுல ஒரு அம்மா கழுத்துல அட்டையை மாட்டிவுட்டு, 'வாங்க, ஹெர் பூபதி'ன்னாங்க. ஹெர்னா நம்மூர்ல திரு. திரு பூபதி. மேலெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. முப்பத்தஞ்சு வயசுல மொதத் தடவையா என்ற பேரு என்ற காதுல விழுகுது.

ஆனா அதோட சரி. ஹெர் பூபதின்னு கூப்புடுவாங்க, சோலியைச் சொல்லுவாங்க, போயிருவாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடுன வாயி திங்கக்கிழமை காலையிலதான் தொறக்கும். சிநேகிதம் புடிக்கலாம்னு நானும் பாத்தேன். பஸ்ஸுல ஒரே ஒரு பொம்பள உக்காந்திருந்தாங்க, பாக்கி பஸ்ஸு பூராக் காலி. நம்ம ஊரு வழக்கம், தனியா உக்காரக் கூடாதல்ல, அவங்க பக்கத்துல போயி உக்காந்தேன். அவங்க எந்திரிச்சுக் கடைசி சீட்டுக்குப் போயிட்டாங்க. ஏதோ வெசனத்துல இருக்கறாங்களாட்ட இருக்குதுன்னு நானும் கடைசி சீட்டுக்குப் போனேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கிட்டாங்க. அது அவங்க ஸ்டாப்பு இல்லீங்க. மழையில நின்னுட்டு இருந்தாங்க.

அந்த ஊர்க் கடையில காலி பாட்டிலைத் திருப்பி வாங்கறதுக்கு ஒரு மிசின் வெச்சிருக்கறாங்க. பாட்டிலைக் குடுத்தா உள்ள வாங்கிக்கும், சுத்திப் பாக்கும், ஒரு சத்தம் குடுக்கும், சீட்டு நீட்டும். அந்த ஊர்ல நான் குடுத்ததை வாங்கிட்டு பதில் சொன்னது அது ஒண்ணுதான். வாரத்துக்கு மூணு தடவை போவேன். ஞாயித்துக்கிழமை கடை கெடையாது. அன்னிக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு 'பூபதி, பூபதி'ன்னு நானே கூப்புட்டுப் பாத்துக்குவேன், குரல் இருக்குதா இல்லையான்னு. சிரிக்காதீங்க. போலந்துல நீங்களும் பண்ணுவீங்க.

தூக்கம் சுத்தமாப் போச்சு. வேலையில மட்டும் கண்ணு சொக்கும். டெஸ்டிங் செக்சன்ல மோட்டாரு ஓட ஆரம்பிச்சாப் போதும், நின்னுட்டே தூங்கிருவேன். எதனாலன்னே தெரியலீங்க. ரெண்டு தடவை மேனேஜர்கிட்டத் திட்டு வாங்கியிருக்கறேன்.

அப்பத்தான் ஊவே. அந்தா, குல்லா பின்றாரே, அவரு பேருதான் ஊவே. பேரைச் சொன்னா வாந்தியெடுக்கற மாதிரி இருக்கும், ஆனா தங்கமான மனுசன். ஸ்டோர் கீப்பரு. பொண்டாட்டி செத்து ஏழு வருசம் ஆச்சு, புள்ளைகுட்டி கெடையாது. அவரு வீட்டுக்குக் கீழ தரைக்கடியில ஒரு ரூமு, அதுல மழைத்தண்ணி எறங்கும், அதை எறைக்கற மோட்டாரு எரிஞ்சு போச்சு. குப்பையில போடறதுக்குக் கையில எடுத்துட்டுப் போறாரு. காயில் எரிஞ்சா மோட்டாரையே தூக்கிப் போடற ஊருங்க அது. எனக்கு மனசு கேக்கல. குடுங்கன்னு வாங்கி, ரெண்டு நாளு உக்காந்து, கையிலயே காயில் கட்டி, வார்னிஷ் போட்டு ஓட்டிக் காமிச்சேன். மனுசன் அந்த மோட்டாரையே பாத்துட்டு நின்னாரு. அப்பறம் ரெண்டு கிளாஸ்ல பீரை ஊத்தி, ஒண்ணை என்ற கையில குடுத்து, நிமுந்து நின்னு, நெஞ்சுல கையை வெச்சு, 'ஊவே'ன்னாரு.

எனக்கு ஒண்ணும் புரியல. அஞ்சு மாசமா ஒரே எடத்துல வேலை செய்யறோம், அவரு பேரு எனக்குத் தெரியாதா? பொறவுதான் புரிஞ்சுது. அந்த ஊர்ல பழகாதவங்களைப் பின்னாடி பேரைச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. சிநேகிதம்னு ஆயிட்டா, ஒரு நாளு குறிச்ச மாதிரி நின்னு முன்னாடி பேரைச் சொல்லுவாங்க. அன்னியிலிருந்து பேரைச் சொல்லிக் கூப்புட்டுக்கலாம். நம்மள்ல தாம்பூலம் மாத்திக்கற மாதிரி.

நானும் நெஞ்சுல கையை வெச்சு 'பூபதி'ன்னேன்.

தலையை ஆட்டுனாரு. அது வெளியாளுகளுக்கு, நமக்குள்ள என்ன ஹெர் பூபதின்னு சொல்லி, என்ற கழுத்துல தொங்குன அட்டையை எடுத்து, மொதப் பேரைக் கண்ணைச் சுருக்கிப் படிச்சாரு. "சென்னி... யப்பன்." அவிய வாயில அது ஜென்னியப்பன்னு வந்துச்சு. அப்பறம் என்னையக் கட்டிப் புடிச்சு, 'ஜென்னி'ன்னாரு.

பாத்துக்குங்க. அன்னியனா இருந்த வரைக்கும் நான் பூபதி. ஒருத்தன் சிநேகிதம்னு கெடைச்ச அந்த நிமிசம் நான் எங்கப்பன் ஆயிட்டேன்.

அடுத்த நாளு ஸ்டோர்ல எல்லாருக்கும் நான் ஜென்னி. ஜென்னி, ஸ்பேனரை எடு. ஜென்னி, நகந்து நில்லு. பெத்த அப்பனை ஒருத்தன் பேரு சொல்லி ஏவறதைக் கேட்டுட்டுக் கையைக் கட்டி நின்ன மகன் நானாத்தான் இருப்பேன். அவரு மேல கோவம்தான், இல்லீங்கல. அதுக்காக? ஒரு நாளு கேண்டீன்ல எல்லாரும் இருக்கறப்ப எந்திரிச்சு நின்னேன். எனக்கு அப்ப ஜெர்மன் அரையும் குறையும். வார்த்தையைத் தேடிப் புடிச்சு ரெண்டே வரி சொன்னேன். "சென்னியப்பன் இஸ்ட் ஃபாட்டர். பூபதி இஸ்ட் ஜோன்." சென்னியப்பன் அப்பா, பூபதி மகன். இதுல என்னங்க தப்பு இருக்குது? நீங்களே சொல்லுங்க.

கேண்டீனே எந்திரிச்சுக் கை தட்டுது. ஊவே ஓடி வந்து என்னையத் தூக்கிச் சுத்தறாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. சரி, இவ்வளவு நாளு தப்பாக் கூப்புட்டோமேன்னு வருத்தத்துல பண்றாங்கன்னு நெனச்சுட்டேன்.

ரெண்டு நாளு கழிச்சு ஒரு கேக்கைக் கொண்டாந்து வெச்சாங்க. அதுமேல நீல எழுத்துல, 'இந்த உலகத்துக்கு நல்வரவு, பூபதி'ன்னு எழுதியிருக்குது. பக்கத்துல குழந்தைக்குப் போடற மாதிரிச் சின்னதா ஒரு ஷூவு. ஒரு கிலுகிலுப்பை.

அவங்களுக்கு ஜென்னியப்பன்னா நானுங்ணா. ஜென்னியப்பன் அப்பா ஆயிட்டான். குழந்தை பேரு பூபதி. ஆம்பளப்புள்ள.

அப்பவே சொல்லியிருக்கோணும்னுதான நெனைக்கறீங்க? சொல்லலாம்னுதான் வாயைத் தொறந்தேன். ஆனா அந்த ஊருக்கு வந்து மொதத் தடவையா இருபது பேரு என்னையச் சுத்தி நிக்கறாங்க. கேக்குல என்ற பேரு எழுதியிருக்குது. எங்கூர் ஃபிளெக்ஸ்ல கூட வராத பேருங்க. கத்தியை வாங்கி வெட்டிட்டேன்.

ஒண்ணு சொல்றேன், நம்புங்க. அதுக்கப்பறம் நான் ஒரு பொய் சொல்லலீங்க. கேட்டதுக்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னேன். பூபதி நடக்கறானான்னு கேட்டாங்க, நடக்கறான்னேன். நாலு மாசத்துல நடக்கறானான்னு வாயைப் பொளந்தாங்க. பல்லு முளைச்சிருச்சா? முளைச்சிருச்சு. பூபதியோட அம்மா எப்படி இருக்காங்க? ஊர்லதான் இருக்காங்க, மூட்டுவலி, படியேற முடியலீன்னேன். அய்யோ, சின்ன வயசுலயேன்னு வருத்தப்பட்டாங்க. போட்டோ காட்டச் சொன்னாங்க. என்ற போன்ல, நான் எட்டு மாசக் குழந்தையா இருந்தப்ப எடுத்த ஒரு போட்டோ இருந்துச்சு, குப்புறப் படுத்து, அரைஞாண் கயிறும் கன்னத்துல கரும்பொட்டுமா. எங்கம்மா அனுப்பிச்சது. காட்டுனேன். இது பூபதியான்னாங்க, ஆமாங்கன்னேன். பழைய போட்டோ மாதிரி இருக்குதேன்னு ஒருத்தி கேட்டா. இப்பெல்லாம் போன்லயே பழசாக்கறாங்கன்னு அவளே பதிலும் சொல்லிக்கிட்டா. அதைப் பிரிண்ட் போட்டுக் கேண்டீன் சுவத்துல ஒட்டிட்டாங்க. தெனம் மத்தியானம் நான் சோறு திங்கறப்ப, சுவத்துல இருந்து நானே அரைஞாண் கயிறோட என்னையப் பாத்துச் சிரிச்சுட்டு இருப்பேன்.

ஊவே மட்டும் வேற மாதிரிங்க. சனிக்கிழமை அவரு வீட்டுக்குப் போவேன். அந்தக் கீழ் ரூமுல பழைய மோட்டாரையெல்லாம் எடுத்து வெச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்திருப்போம். அதிகம் பேச மாட்டாரு. மோட்டாரு ஓடற சத்தத்துல எனக்குக் கண்ணு சொக்கிரும். எழுப்ப மாட்டாரு. வாரத்துல நான் நிம்மதியாத் தூங்குனது அந்த ஒரு மணி நேரந்தான். எந்திரிச்சாப் பூபதிக்குக் குல்லா பின்னிட்டு இருப்பாரு. அவ்வளவு பெரிய கையில அவ்வளவு சின்னக் குல்லா. முடிச்சதும் என்ற கையில குடுத்து, ஊருக்கு அனுப்புன்னுவாரு. எங்க அனுப்பறது? டிரங்குப் பொட்டியில போட்டு வெப்பேன். புஸ்தகத்தைப் பாத்து, இந்த மாசத்துக்குத் தலை இவ்வளவு வளந்திருக்கும்னு கணக்குப் போட்டு, ஒவ்வொண்ணாப் பெருசு பண்ணிட்டே வந்தாரு. ஆறு குல்லா சேந்து போச்சு.

அவரு ஒரு தடவை கேட்டாரு. "பூபதி நல்லாத் தூங்கறானா, ஜென்னி?"

"இல்லைங்க, தூங்கறதில்ல"ன்னேன்.

"அழுகறானா?"

"எப்பவாச்சும். ஞாயித்துக்கிழமையில."

"ஏன், தனியா விட்டுட்டாங்களா?"

"ஆமாங்க. அவனுக்கு அங்க யாரையும் தெரியாது"ன்னேன்.

அந்த மனுசன் பின்றதை நிறுத்திட்டு ரொம்ப நேரம் என்னையவே பாத்தாரு. அப்பறம், "சொல்லு அவனுக்கு, சரியாப் போயிரும்னு"ன்னாரு. எனக்கு அழுகை வந்திருச்சுங்க. என்னைய யாரும் அப்பிடிக் கேட்டதில்ல. கேட்டதும் என்னைய இல்லதான். இருந்தாலும் கேட்டாரல்ல? அதுக்கப்பறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பூபதிக்கு என்ன கஷ்டமோ அதைப் பூராவும் சொல்லிருவேன். அவரும் ஆறுதல் சொல்லி அனுப்புவாரு.

இப்பிடியே போயிருக்கும். போன மாசம் ஊவே ரிட்டயர் ஆனாரு. ஒரு வெள்ளிக்கிழமை வந்து சிரிக்கறாரு. என்னன்னு கேட்டா, டிக்கெட் போட்டுட்டேன், திங்கக்கிழமை பெருந்துறை போறேன், பூபதியைப் பாத்துக் குல்லாயை நானே போட்டுவுடப் போறேன்னாரு. அட்ரஸ் ஆபீஸ் ரிக்கார்டுல எடுத்துட்டாரு. எனக்கு லீவு கெடைச்சது வியாழக்கிழமை.

 ஒருத்தன்ங்க. எனக்குன்னு இருந்ததே ஒருத்தன். இல்லாத குழந்தைக்கு எட்டு மாசம் குல்லா பின்ன வெச்சவன்னு தெரிஞ்சா மூஞ்சியில முழிப்பாரா? தங்கச்சி குழந்தையைக் காட்டிரலாமான்னு பாத்தேன். அது பொம்பளப்புள்ள, ரெண்டாங்கிளாஸ் படிக்குது. வேற வழியில்ல. பதினாலு மாசம் கழிச்சு எங்கப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, ஒருத்தரு வருவாரு. அவர்கிட்ட உங்க பேரு சென்னியப்பன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"அப்பறம் நான் யாருன்னு சொல்றது?"

"யாரோன்னு சொல்லுங்க."

"ஏண்டா, பதினாலு மாசம் கழிச்சுப் போன் பண்ணி, அப்பனைப் பேரை மாத்திக்கச் சொல்றயா?"

"மூணு நாளைக்குத்தானுங்கப்பா."

வெச்சுட்டாரு.

நான் பெருந்துறை வந்து எறங்கறப்ப வியாழன் போயி சனிக்கிழமை ஆயிருச்சு. பஸ் ஸ்டாண்டுல இருந்து கடைக்கு நடந்து போறேன். தூரத்துலயே தெரியுது. பெஞ்சுல குழந்தைசாமி, அவரு பக்கத்துல ஊவே, வேட்டி கட்டிட்டு, போண்டாவைப் பிச்சுச் சட்னியில தொட்டுட்டு இருக்கறாரு. எங்கப்பா காயிலைக் கையில வெச்சுட்டு என்னமோ சொல்ல, பெஞ்சே சிரிக்குது. ஊவேயும் சிரிக்கறாரு. எனக்குப் பயமெல்லாம் போயி பொறாமை வந்திருச்சுங்க. என்ற சிநேகிதன். எப்பிடி நாலே நாள்ல எங்கப்பா பெஞ்சுக்குப் போனாரு?

நடந்ததைக் குழந்தைசாமிதான் சொன்னாரு. ஊவே காருல வந்து எறங்கி, கையில பேப்பரை வெச்சுட்டு, 'ஜென்னியப்பன், ஜென்னியப்பன்'னு கேட்டிருக்கறாரு. ஊரே கையைக் காட்டியிருக்குது. எங்கப்பா வெளிய வந்து, நாந்தான்னிருக்கறாரு. மூணு நாளைக்குக் கூட வாயைக் கட்ட முடியல பாருங்க. இல்லைன்னு தலையாட்டி, ஊவே போன்ல என்ற போட்டோவைக் காட்டி, 'ஜென்னி'ன்னிருக்கறாரு. எங்கப்பா, "இது பூபதி." அப்பறம் அந்த அரைஞாண் கயிறு போட்டோவைக் காட்டி, 'பூபதி'ன்னிருக்கறாரு. எங்கப்பா, "இதும் பூபதிதான்."

ஊவே முழிச்சிருக்கறாரு. எங்கப்பா அவரைத் தோளைப் புடிச்சுக் கடைக்குள்ள கூட்டிட்டுப் போயி, காயில் சுத்தற மிசினுக்கு மேல சுவத்தைக் காமிச்சிருக்கறாரு. அதே அரைஞாண் கயிறு போட்டோ, சட்டம் போட்டு. பக்கத்துல நான் ஒண்ணாங்கிளாஸ்ல நிக்கறது. அப்பறம் பத்தாவது. ஐடிஐ. ஏர்போர்ட்டுல பொட்டியோட நிக்கறது. ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டு, "பூபதி, பூபதி, பூபதி"ன்னு சொல்லிட்டே வந்தாராம். எனக்கே தெரியாதுங்க, அவ்வளவு போட்டோ அங்க மாட்டியிருக்கறது. சுவரு காலியா இருந்திருக்கும், மாட்டியிருப்பாரு.

ஊவே கடைசிப் போட்டோ முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டு, வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து, ரெண்டு கையிலயும் மூஞ்சியை மூடிட்டாராம். அழுகறாருன்னு குழந்தைசாமி தண்ணி கொண்டு போனா, சிரிச்சுட்டு இருந்திருக்கறாரு. ரெண்டுந்தான்னு நெனைக்கறேன்.

நான் போயி முன்னாடி நின்னேன். தலையைத் தூக்க முடியல. அவரு போண்டாவை வெச்சுட்டு எந்திரிச்சு, என்னைய மேலயும் கீழயும் பாத்து, "நல்லா வளந்துட்டியே, பூபதி"ன்னாரு. பூபதின்னுதாங்க சொன்னாரு. பையில இருந்து கடைசியாப் பின்னுன குல்லாயை எடுத்து என்ற தலை மேல வெச்சுப் பாத்தாரு. உச்சியில ஒரு உள்ளங்கை அளவுக்கு நின்னுச்சு. பெஞ்சு சிரிக்குது. அப்பறம் கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி கேட்டாரு.

"பூபதி இப்பத் தூங்கறானா?"

  சனிக்கிழமை சனிக்கிழமை நான் சொன்னதெல்லாம் யாரைப் பத்தின்னு அவருக்குப் புரிஞ்சு போச்சு.

எங்கப்பா விடுவாரா? "என்னடா கேக்கறாரு?"ன்னாரு. தூங்கறயான்னு கேக்கறாருங்கன்னேன். உடனே ஆரம்பிச்சுட்டாரு. "அவன் சின்னதுலயே தூங்க மாட்டான்னு சொல்லுடா. மோட்டாரு ஓடற சத்தம் கேட்டாத்தான் கண்ணை மூடுவான். நான் தோள்ல போட்டுக்கிட்டு, ஊர்க்காரன் மோட்டாரை, நல்லா இருக்கற மோட்டாரை, மத்தியானம் பூரா ஓட்டிட்டு நின்னிருக்கறேன். ஏன் இன்னும் குடுக்கலைன்னு கேட்டா, டெஸ்டிங் பண்றேன்னு சொல்லுவேன். சொல்லு, சொல்லு."

சொன்னேன். என்ன பண்றது? ஊவே அதைக் கேட்டுட்டு என்னையப் பாத்தாரு, எங்கப்பாவைப் பாத்தாரு, 'ஆ'ன்னு ஒரு பெரிய மூச்சு விட்டாரு. எதுக்குன்னு தெரியல. அன்னியிலிருந்து இதேதான். எங்கப்பா என்னையப் பத்தி ஒண்ணு சொல்றது, நான் ஜெர்மன்ல சொல்றது, அவரு சிரிக்கறது. எனக்கு வந்த சிநேகிதனுங்க. எனக்கே தெரியாத என்ற கதையை நானே அவருக்குச் சொல்லிட்டு இருக்கறேன். நான் பக்கத்துல இல்லைன்னா அதும் வேண்டாம், அவங்களாப் பேசிக்கறாங்க.

இப்ப எதுக்கு இங்க வந்தேன்னா, அந்த ரெண்டு கட்டத்தையும் மாத்திப் போடோணும். முன்னாடி பூபதி, பின்னாடி சென்னியப்பன். எங்கப்பாகிட்டச் சொல்லப் பயந்துட்டே சொன்னேன்.  "என்ற பேரை எடுத்துரலையல்ல?"ன்னாரு.

"இல்லீங்கப்பா. பின்னாடி வரும்."

"அப்பச் சரி. நீ முன்னாடி போ, நான் பின்னாடி வர்றேன்"ன்னாரு, பஸ்ஸுல ஏத்தி விடற மாதிரி. நானுங் கூட வர்றேன்னு இன்னிக்குக் காலையில மொத ஆளாக் கெளம்பி நின்னாரு.

கேண்டீனுக்கு என்ன சொல்றதுங்கறீங்களா? அதைத்தான் ஊவேகிட்டக் கேட்டேன். நீ ஒண்ணும் சொல்லாதே, எல்லாரும் சாப்புடற நேரத்துல உள்ள கூட்டிட்டுப் போயி, பூபதியைக் கூட்டிட்டு வந்துட்டேன்னு நான் சொல்லிக்கறேன்னாரு. அதுக்குத்தான் அந்தக் குல்லா. நேத்துத் தலையை அளந்து எடுத்திருக்கறாரு.

இருங்க, வாட்ச்மேன் என்னமோ கூப்புடறாரு. கேக்குதுங்களா? "சென்னியப்பன். யாருங்க சென்னியப்பன்?"

அட, அங்க பாருங்க. எங்கப்பா டீக்கிளாஸை வெச்சுட்டு எந்திரிச்சு வர்றாரு. எந்த ஊர்ல அந்தப் பேரைக் கூப்புட்டாலும் அவரையத்தான்னு நெனப்பு. அப்பா, உங்களை இல்லீங்க. காது கேக்கல. நல்லவேளை, ஊவே வேட்டியைப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சுட்டாரு. நம்மளைத்தான் கையைக் காட்டறாரு.

சத்தம் போடறாரு பாருங்க, குல்லாயைத் தூக்கி ஆட்டிட்டு. ரோடே திரும்பிப் பாக்குது. கேட்டுச்சுங்களா? 'பூபதி'ன்னாருங்க.

இந்தாங்க உங்க தாளு. உள்ள போனதும் மொதக் கவுண்டர்லயே சொல்லிக் கட்டத்தை மாத்திக்குங்க, மறந்துராதீங்க. நான் வர்றனுங்ணா. என்னையக் கூப்புடறாங்க.